பழக இனிய கோழி, வாத்து இனங்களை வீட்டுக் கொல்லைக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க விரும்புகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இனம் அதிகம் முட்டையிடும் என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் ஐந்தாறு பறவைகளை மட்டும் வைத்து, நாள்தோறும் தம் கையாலேயே தீனி போட்டு, பிள்ளைகளும் கூடவே திரியும் ஒரு கொல்லையில், ஆண்டுக்கு ஐம்பது முட்டை கூடுவதைவிட, கூண்டின் கதவைத் திறந்ததும் பறவை நம்மை நோக்கி வருகிறதா, கம்பி வலையில் மோதிக்கொண்டு ஓடுகிறதா என்பதே அன்றாடப் பாட்டை இலகுவாக்கும் அல்லது தொல்லையாக்கும். கைக்கு அகப்படாத கோழிக்குக் காலில் புண் வந்தாலும், இறகடியில் பேன் பிடித்தாலும் நமக்குத் தெரியவராது. தெரியவந்தாலும் மருந்து போடுவதற்குள் அந்தப் பறவையும் நாமும் களைத்துவிடுவோம். ஆகவே சாதுவான இனத்தைத் தேடுவதைச் செல்லம் கொஞ்சும் ஆசை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

தேடத் தொடங்கும் முன், சாது என்ற சொல்லை நாம் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கோழி விற்பவர்கள் இந்த ஒரே சொல்லால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குணங்களைக் குறிக்கிறார்கள். கொச்சின் கோழியைத் தூக்கினால் மடியில் மூட்டைபோல அடங்கி உட்கார்ந்திருக்கும், ஆனால் தானாக நம்மைத் தேடி வருவது அரிது. அதன் சாதுத்தன்மை பதற்றமின்மையைச் சேர்ந்தது. சசெக்ஸ் கோழியோ நாம் மண்வெட்டியை எடுத்ததுமே பின்னால் வந்து நிற்கும், செருப்பைக் கொத்திப் பார்க்கும், மண்ணைப் புரட்டினால் புழுவுக்காகக் காலடியிலேயே நுழையும், ஆனால் தூக்கினால் சிறிது திமிறும்; அதனிடம் இருப்பது ஆர்வம். இவை இரண்டும் மனிதரிடம் காட்டும் குணங்கள். சக பறவைகளிடம் காட்டும் பொறுமை இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. இதற்கு அசீல் இனத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே வளர்க்கப்பட்ட அந்தப் பறவை, தன்னைக் கையில் எடுத்துப் பழக்குபவரிடம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஆனால் சில வாரக் குஞ்சுகளாக இருக்கும்போதே தமக்குள் இரத்தம் வரச் சண்டையிட்டுக்கொள்ளும். மனிதரிடம் பணிவு என்பதை மட்டும் பார்த்து அசீல் பெட்டைகளைக் கலப்புக் கூட்டத்தில் விடுபவர் மற்றக் கோழிகளை இழக்க நேரிடும்.

இனத்தின் பெயர் ஒரு சாய்வை மட்டுமே சொல்லும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே இனத்துக்குள் வம்சவழிக்கு வம்சவழி குணம் மாறுபடுகிறது. மனிதரிடம் அச்சம் என்பது வலுவாகவே மரபுவழி கடத்தப்படும் பண்பு. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளில் மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சுபவற்றை மட்டும் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த ஆய்வு ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் நடந்தது. சில தலைமுறைகளிலேயே அச்சம் குறைந்த வழியும் அச்சம் மிகுந்த வழியும் தனித்தனியே பிரிந்து நின்றன. காட்டுப் பறவையிலேயே இப்படியென்றால், நூறாண்டுகளுக்கு மேலாகப் பல கைகளில் பல நோக்கங்களுக்காகப் பெருக்கப்பட்ட வீட்டு இனங்களில் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கண்காட்சிக்காக வளர்க்கப்பட்ட வழியும் முட்டைக்காக வளர்க்கப்பட்ட வழியும் ஒரே பெயரைத் தாங்கி நின்றாலும், உடலிலும் குணத்திலும் முட்டை எண்ணிக்கையிலும் வேறு வேறு பறவைகள்.

கோழி இனங்கள்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரே ஓர் இனத்தைச் சொல்லுங்கள் என்றால் நான் ஆர்பிங்டனைச் சொல்வேன். அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் இருந்த ஆர்பிங்டன் என்ற ஊரில் வில்லியம் குக் என்பவர் 1886-ஆம் ஆண்டு உருவாக்கிய இனம் இது. முதலில் வந்தது கறுப்பு நிறம். இன்று அதிகம் விரும்பப்படும் பொன்மஞ்சள் நிறம் 1894-இல் வந்தது. பெட்டை ஏறக்குறைய மூன்றரை கிலோ எடை இருக்கும், ஆனால் இறகுகள் புசுபுசுவென்று இருப்பதால் பார்வைக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். உடல் கனமாக இருப்பதால் வேலி தாண்டிப் பறக்காது. இயல்பிலேயே அவசரம் இல்லாததால் பிள்ளைகள் தூக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 150 முதல் 200 முட்டைவரை எதிர்பார்க்கலாம், கண்காட்சி வழியானால் அதைவிடக் குறையும். குறை என்று சொல்ல வேண்டுமானால், அடிக்கடி அடைக்கு உட்கார்ந்துவிடும் என்பதும், சாதுவாக இருப்பதாலேயே துடுக்கான இனங்களோடு விட்டால் தீனித் தொட்டியிலிருந்து விரட்டப்படும் என்பதும்தான்.

ஆர்பிங்டனின் அமைதியோடு கூடுதல் முட்டையும் வேண்டுமென்பவர் ஆஸ்ட்ரலார்ப்பைப் பார்க்க வேண்டும். கறுப்பு ஆர்பிங்டன்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்று முட்டைக்காகத் தேர்ந்தெடுத்ததால் உருவான இனம் இது. 1922–23-இல் நடந்த ஒரு போட்டியில் ஆறு பெட்டைகள் 365 நாள்களில் 1,857 முட்டைகள் இட்டன. தலைக்குச் சராசரியாக 309.5. செயற்கை விளக்கு வெளிச்சம் இல்லாமல் நிகழ்ந்த சாதனை என்பதால் கோழி வளர்ப்போர் அதை இன்றும் பேசுகிறார்கள். நம் கொல்லையில் உள்ள ஆஸ்ட்ரலார்ப் அத்தனை முட்டை இடாது என்றாலும், சாதுத்தன்மைக்கும் முட்டைக்கும் இடையே ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை இந்த இனம் பொய்யாக்குகிறது. பச்சைப் பளபளப்புள்ள கறுப்பு இறகு வெயிலில் மின்னுவது தனி அழகு.

சில்கி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதல் பார்வையிலேயே மனத்தைக் கவர்வது அதுதான். விவரம் தெரியாமல் வாங்குவோர் அதிகம் ஏமாறுவதும் அதில்தான். அதன் இறகுகளில் நுண்கொக்கிகள் இல்லாததால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பஞ்சுபோல நிற்கின்றன. தோல் கருமை, விரல்கள் நான்குக்குப் பதில் ஐந்து. குணத்தில் இதைவிட மென்மையான கோழியைக் காண்பது கடினம். மற்ற பறவைகளின் முட்டையையும், வாத்து முட்டையைக்கூட, தன்னுடையதாக எண்ணி அடைகாத்துக் குஞ்சு பொரித்து வளர்க்கும். ஆனால் அந்தப் பஞ்சு இறகு மழையைத் தடுக்காது. நனைந்தால் தோல்வரை நனைந்து நடுங்கும், ஆகவே மழையும் ஈரமும் நிறைந்த இடங்களில் கூரையுள்ள உலர்ந்த இடம் கட்டாயம். தலைக் குடுமி கண்ணை மறைப்பதால் மேலிருந்து வரும் பருந்தைக் காணாது. பக்கத்திலிருந்து நாம் கை நீட்டினாலும் திடுக்கிடும். கண்ணைச் சுற்றியுள்ள இறகைக் கவனமாகக் கத்தரித்துவிட்டால் அதே பறவை ஒரே நாளில் துணிவு பெறுவதைக் காணலாம். குடுமிக்கடியில் சில சில்கிகளுக்கு மண்டையோடு மேடாகப் புடைத்து, அங்கே எலும்பு மெலிந்தோ திறந்தோ இருக்கும். பெரிய கோழி ஒன்று அங்கே ஓங்கிக் கொத்தினால் மூளையில் அடிபடும். கோழிகளை முடமாக்கும் மாரெக் என்ற வைரஸ் நோய்க்கும் இது எளிதில் ஆளாகும் இனமென்று வளர்ப்போர் கருதுவதால், பொரித்த முதல் நாளிலேயே தடுப்பூசி போடப்பட்ட குஞ்சுகளை வாங்குவது நல்லது. முட்டை ஆண்டுக்கு 100-ஐச் சற்றுத் தாண்டினாலே அதிகம். இத்தனைக்குப் பிறகும் சில்கிதான் வேண்டும் என்றால், சில்கிகளை மட்டுமே தனிக் கூட்டமாக வளர்ப்பது அவற்றுக்குச் செய்யும் பெரிய உதவி.

கொச்சினும் பிரம்மாவும் பெரிய உடல்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனத்திலிருந்து மேலை நாடுகளுக்குச் சென்ற கொச்சின் வகைக் கோழிகளைக் கண்டு மக்கள் வியந்து, பெரும் விலை கொடுத்து வாங்கியதைக் கோழிப் பித்து என்றே அழைத்தார்கள். இரண்டுக்கும் கால்விரல்வரை இறகு உண்டு. பிரம்மாச் சேவல் ஐந்து கிலோவைத் தாண்டும். அவ்வளவு பெரிய சேவல் நம்மைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடுவதைப் பார்க்கும்போது முதலில் நம்ப முடியாது. சிறு பிள்ளைகளுக்கு அதன் உருவம் அச்சமூட்டக்கூடும் என்பதால், அதே குணம் வேண்டுவோர் குறுங்கொச்சின்களை நாடலாம். கால் இறகில் சேறு ஒட்டிக் கட்டியாகும், செதில் கால் என்ற நோயைத் தோற்றுவிக்கும் உண்ணி அங்கே ஒளிந்துகொள்ளும். ஆகவே தரை எப்போதும் ஈரமாக இருக்கும் கொல்லைக்கு இவை ஏற்றவை அல்ல. கனத்த உடலோடு உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் காயம் பட்டுச் சீழ்க்கட்டி வரும் என்பதால், இவை இரவில் அமரும் கொம்பு முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கலாகாது.

பிரான்சின் ஃபாவரோல் இனத்துக்குத் தாடி, கன்ன மயிர், ஐந்து விரல்கள், தேன்நிற உடல் என்று அடையாளங்கள் பல. அதை வளர்த்தவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபடுவதில்லை: கூட்டத்தில் கடைசி இடம் அதற்குத்தான். எவர் கொத்தினாலும் திருப்பிக் கொத்தாது. பிளைமவுத் ராக் அதற்கு நேர் எதிர். தன்னம்பிக்கையுள்ள, ஆனால் வம்புக்குப் போகாத கோழி. கறுப்பு வெள்ளைக் கோடுகள் இறகில் ஓடும் அதன் பழைய வகை 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பண்ணை வீடுகளின் கோழியாக இருந்தது. ஆண்டுக்கு 200 முட்டை அளவில் இடும், வெப்பத்தையும் குளிரையும் ஓரளவு தாங்கும், மனிதரைப் பின்தொடரும். சசெக்ஸ் பற்றி மேலே சொன்னேன்.

ரோட் ஐலண்ட் ரெட் நன்றாக முட்டையிடும், எளிதில் நோயுறாது, மனிதரிடமும் அஞ்சாது. ஆனால் சாதுவான இனங்களோடு சேர்த்தால் அதிகாரம் செலுத்தும். அதன் சேவல்களில் மூர்க்கமானவை அடிக்கடி தென்படும். வெள்ளை லெக்ஹார்ன் முட்டை எண்ணிக்கையில் முன்னணியில் நிற்கும், ஆனால் சிறிய ஓசைக்கும் சிறகடித்து எழும் பறவை அது. மடியில் உட்காரும் என்று எதிர்பார்த்து வாங்கினால் குற்றம் கோழியுடையதாகாது.

பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினங்களை, குறிப்பாக ஐஎஸ்ஏ பிரௌன் போன்றவற்றை, பழைய இனங்களை விரும்புகிறவர்கள் ஏளனமாகப் பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலடியில் வந்து குந்தி, தூக்கு என்பதுபோல முதுகைத் தாழ்த்தும் கோழிகளில் இவை முதல் வரிசையில் இருக்கின்றன; பொரித்த அன்றே இறகு நிறத்தால் ஆண், பெண் தெரிந்துவிடுவதால் சேவல் வந்து சேருமோ என்ற கவலையும் இல்லை. ஆண்டுக்கு 300 முட்டை இடும் அந்த உடல் அதற்கான விலையையும் கொடுக்கிறது: இரண்டு மூன்று ஆண்டுகளில் முட்டைப்பாதை நோய்கள் வந்து பல பறவைகள் இறந்துவிடும். பறவைக்குப் பெயர் வைத்துப் பழகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தட்பவெப்பத்தை மறந்துவிட்டுக் குணத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைப்பதாலும், கொண்டை, தாடை மடல்கள் வழியாகவும்தான் அது உடல் சூட்டை வெளியேற்றுகிறது. மேலே பாராட்டிய சாதுக்களில் பலவும் அடர்ந்த இறகும் கனத்த உடலும் உடையவை, பிரம்மாவுக்கோ கொண்டையும் மிகச் சிறியது. கடும் கோடையில் அவை துவண்டுவிடும். வெப்பமான இடத்தில் பிளைமவுத் ராக், சசெக்ஸ் போன்ற நடுத்தர உடல்களை முன்னே வைத்து, ஆர்பிங்டன் வேண்டுமென்றால் இறகு குறைந்த முட்டைவழிப் பறவைகளைத் தேடி, நாள் முழுவதும் விலகாத நிழலும் குளிர்ந்த நீரும் தருவது அவசியம். கடுங்குளிர்ப் பகுதியில் நிலைமை தலைகீழாகும். அங்கே பெரிய ஒற்றைக் கொண்டை உறைபனியில் கருகும், பிரம்மாவின் சிறு கொண்டை தப்பிக்கும்.

எந்த இனத்தை எந்த இனத்தோடு

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்பதை 1920-களின் தொடக்கத்தில் முறையாக விவரித்தவர் நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெருப் எபே. வரிசை நிலைபெற்ற பிறகு சண்டை குறையும். புதிய பறவை வரும்போது எல்லாம் மீண்டும் தொடங்கும். நடைமுறையில் இதன் பொருள், ஒரே அளவும் ஒத்த சுபாவமும் உள்ள இனங்களை ஒரே வயதில் ஒன்றாக வாங்கி ஒன்றாகவே வளர்ப்பது எளிது என்பதாகும். ஆர்பிங்டன், கொச்சின், ஃபாவரோல், பிரம்மா ஒரு கூட்டமாக நன்றாக வாழும். ஆஸ்ட்ரலார்ப், சசெக்ஸ், பிளைமவுத் ராக் மற்றொரு கூட்டம். இரண்டையும் கலப்பது இயலாததில்லை. ஆனால் தீனித் தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டிரண்டாக, ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணில் படாத இடங்களில் இருக்க வேண்டும். இரவுக் கூண்டில் பறவை ஒன்றுக்கு நான்கு சதுர அடியும், பகலில் திரியும் அடைப்பில் பத்துச் சதுர அடியும் குறைந்தபட்சம் என்பது பொதுவான அளவு. பெரிய இனங்களுக்கு இதையும் தாராளமாக்குங்கள். நெருக்கடியில் வைத்தால் எந்தச் சாதுவும் சாதுவாக இருக்காது. குடுமியுள்ள ஒற்றைப் பறவையை மட்டும் மற்ற இனங்களுக்கு நடுவே விடாதீர்கள், வேறுபட்டுத் தெரியும் இறகை மற்றவை கொத்திப் பிடுங்கிவிடும்.

வாத்துகள்

வாத்தின் நட்பு கோழியின் நட்பைப் போன்றதில்லை. கோழி மடியில் உட்காரக் கற்றுக்கொள்ளும். வாத்துகளில் பெரும்பாலானவை தம்மைத் தூக்குவதை விரும்புவதே இல்லை. ஆனால் நம் குரலைக் கேட்டதும் கூட்டமாகக் கத்திக்கொண்டு வருவதும், குழாயைத் திறந்தால் காலைச் சுற்றிக் கும்மாளமிடுவதும், கையிலுள்ள இலையை அலகால் உருவித் தின்பதும் அவற்றின் பழக்கம். தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்பவர் கோழியோடு நின்றுகொள்வது நல்லது; கூட வாழும் ஒரு கலகலப்பான கும்பல் போதும் என்பவருக்கு வாத்து நிறைவளிக்கும். வாத்தைத் தூக்க வேண்டிய கட்டாயம் வந்தால், இறக்கைகளை உடலோடு அணைத்துக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டும். அதன் கால்கள் கோழியின் கால்களைவிட எளிதில் அடிபடும். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

மஸ்கோவியைத் தவிர மற்ற வீட்டு வாத்துகள் அனைத்தும் மல்லார்ட் என்ற காட்டு வாத்திலிருந்து வந்தவை. அவற்றுள் பழகுவதற்கு எளிதானது வெள்ளைப் பெக்கின். சீனத்தில் தோன்றி 1873-இல் அமெரிக்காவை அடைந்த இந்த இனம் இறைச்சிக்காகவே பெருக்கப்பட்டதால் வேகமாக வளரும், பறக்காது, மனிதரிடம் அச்சமும் குறைவு. அதே வேக வளர்ச்சி காலுக்கும் இதயத்துக்கும் சுமையாகிறது. வளர்ப்புப் பறவையாக வைத்திருப்பவர் தீனியை அளந்து போட்டு எடையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். முட்டைக்கு முதலிடம் கொடுப்பவர் காக்கி கேம்பெல்லை நாடுவார். அடெல் கேம்பெல் என்ற பெண்மணி இங்கிலாந்தின் குளஸ்டர்ஷையரில் உருவாக்கி 1898-இல் அறிமுகப்படுத்திய இந்த வாத்து ஆண்டுக்கு 300 முட்டைவரை இடும். ஆனால் சுறுசுறுப்பும் பதற்றமும் அதிகம். அதிலிருந்து 1949-இல் பிரிந்து உருவான வெல்ஷ் ஹார்லிக்வின் முட்டையில் அதற்கு அருகிலும் குணத்தில் அதைவிட நிதானமாகவும் இருப்பதால், முட்டையும் வேண்டும், துரத்திப் பிடிக்கும் தொல்லையும் வேண்டாம் என்பவருக்கு நான் பரிந்துரைப்பது அதையே.

கயூகா கறுப்பில் வண்டு நிறப் பச்சை மின்னும் அமைதியான அமெரிக்க இனம். பருவத்தின் முதல் முட்டைகள் கரிபடிந்தவை போல இருண்டு, போகப்போக வெளுக்கும். நிமிர்ந்து நிற்கும் குப்பிபோன்ற ரன்னர் வாத்துகள் நத்தைகளைத் தேடித் தின்பதில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒன்று மிரண்டால் எல்லாம் ஒரே திசையில் ஓடும். அவற்றைப் பார்த்து ரசிக்கலாம், தொட்டுப் பழகுவது கடினம். சிறிய உருவமென்று நம்பி, ‘கால்’ (Call, அதாவது அழைப்பு) என்ற பெயருள்ள வாத்தை வாங்குகிறவர் அதன் வரலாற்றை அறிய வேண்டும்: காட்டு வாத்துகளைக் கத்தி அழைத்து வலையில் சிக்கவைப்பதற்காகவே அது வளர்க்கப்பட்டது. சுவர் ஒட்டிய அண்டை வீடு இருந்தால் வேண்டாம். பொதுவாகவே உரக்கக் கத்துவது பெட்டை வாத்துதான். ஆணின் குரல் கம்மியது. ஏறக்குறைய இரண்டு மாத வயதில் இந்தக் குரல் வேறுபாடு தெரியத் தொடங்கும், ஆணின் வாலில் சுருண்ட இறகு அதன் பிறகு வரும்.

சத்தமே கூடாது என்ற நிலையில் மஸ்கோவி ஒரு வழி. தென் அமெரிக்கக் காட்டுப் பறவையிலிருந்து வந்த இது கத்தாது. சீறும், வாலை ஆட்டும், தலை இறகைத் தூக்கும். கையில் வளர்ந்த மஸ்கோவி நாயைப் போலப் பின்னால் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நகங்கள் கூர்மையானவை, பெட்டை நன்றாகப் பறக்கும், ஆண் பெட்டையைப்போல இரு மடங்கு எடையாகி இனப்பெருக்கப் பருவத்தில் முரடாகிவிடும். முட்டை பொரிய மற்ற வாத்துகளுக்கு 28 நாள், இதற்கு 35 நாள். பெக்கினோடு இணைந்தால் பிறக்கும் குஞ்சுகள் மலடாக இருக்கும்.

கோழியும் வாத்தும் ஒரே கொல்லையில்

பகலில் ஒரே கொல்லையில் திரிவதில் தடையில்லை; இரவில் ஒரே கூண்டில் அடைப்பதுதான் சிக்கல். வாத்து தண்ணீரை அலகால் வாரி இறைத்துப் படுக்கையை ஈரமாக்கும், ஈரப் படுக்கையில் கோழிக்கு மூச்சுக் கோளாறும் கால் நோயும் வரும். கோழி கொம்பில் ஏறி உறங்கும்போது அதன் எச்சம் தரையில் படுத்திருக்கும் வாத்தின் மேல் விழும். ஆகவே இரவுக்கு இரண்டு அறை வையுங்கள். வாத்துக்குக் குளம் தேவையில்லை. ஆனால் தலை முழுவதும் மூழ்கும் ஆழமுள்ள பாத்திரம் வேண்டும், அப்போதுதான் மூக்குத் துளையையும் கண்ணையும் கழுவிக்கொள்ள முடியும். அதே பாத்திரத்தில் கோழிக்குஞ்சு விழுந்து இறக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். போதிய பெட்டை வாத்துகள் இல்லாத ஆண் வாத்து கோழிப் பெட்டைகளின் மேல் ஏறும். வாத்தின் இனப்பெருக்க உறுப்பு அமைப்பு கோழியினுடையதிலிருந்து வேறானது. கோழிக்கு உள்காயம் ஏற்பட்டு அது இறக்கவும் கூடும். ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டை வாத்துகள் என்ற விகிதம் இல்லாவிட்டால் ஆண் வாத்தே வேண்டாம். முட்டைக்கு ஆண் தேவையும் இல்லை.

குஞ்சுத் தீவனத்திலும் கவனம் தேவை. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற உயிர்ச்சத்து கோழிக் குஞ்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டுமே தின்று வளர்ந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்டின் உலர்ந்த தூளான புரூவர்ஸ் ஈஸ்டைத் தீவனத்தில் கலந்து இக்குறையை ஈடு செய்வார்கள்.

பழக்கும் முறை

நல்ல வம்சவழிக் குஞ்சும் கை படாமல் வளர்ந்தால் காட்டுப் பறவையாகிவிடும். முதல் வாரத்திலிருந்தே நாள்தோறும் பலமுறை சிறிது நேரம் கையைக் குஞ்சுப் பெட்டியின் தரையில் அசையாமல் வைத்து, அதில் தீனியைப் போட்டு, அவை ஏறிவர விடுங்கள். மேலிருந்து கை நீட்டி எடுப்பது பருந்தின் பாய்ச்சலைப் போன்றது. ஒருமுறை அப்படிப் பயந்த குஞ்சு பல நாள் நம்பாது. பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக, பேசிக்கொண்டே அணுக வேண்டும். வளர்ந்த கோழியைப் பழக்குவதென்றால் இருட்டிய பிறகு கொம்பிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்து திருப்பி வைப்பது பயன் தரும், இருளில் கோழிக்குக் கண் தெரியாததால் திமிறாது. ஒற்றை வாத்துக் குஞ்சை மட்டும் வாங்கி வளர்க்காதீர்கள். அது மனிதரையே தன் இனமாகக் கருதத் தொடங்கி, நாம் அறையை விட்டு நகர்ந்தாலே கதறும். பிறகு தன் கூட்டத்தோடு சேர்வதும் அதற்குக் கடினமாகும்.

சேவல் குஞ்சை மட்டும் இந்த அளவுக்குச் செல்லம் கொடுத்து வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மனிதரிடம் அச்சமே இல்லாமல் வளரும் சேவல், பருவம் வரும் ஐந்து முதல் எட்டாவது மாதத்துக்குள் நம்மையும் இன்னொரு சேவலாகக் கணக்கில் எடுத்துக் கால்முள்ளால் தாக்கும். பெட்டைகளைச் சுற்றி வந்து, உணவைக் காட்டி அழைத்து, நம்மைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கும் சேவலே வீட்டுக்கு ஏற்றது. பிள்ளைகள் மேல் பாய்ந்த சேவலை இரண்டாவது வாய்ப்புக் கொடுத்து வைத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எவ்வளவு சாதுவான பறவையானாலும் அதன் உடலில் மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், நோய்க்குறி எதுவும் தெரியாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், முத்தமிடாமல் இருப்பதும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்திருப்பதும் விலக்கில்லாத விதிகள். புதிதாக வரும் பறவையை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே பழைய கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

வாங்கப் போகும் இடத்தில்

படத்தைப் பார்த்து வாங்குவதைவிட நேரில் போவது மேல்; போன உடனே பறவையைப் பிடித்துத் தரச் சொல்லாமல், அடைப்புக்குள் நுழைந்து பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முதல் சலசலப்பு அடங்கியபின் எவை அருகில் வருகின்றன, எவை மூலையிலேயே நிற்கின்றன என்று பாருங்கள். வளர்ந்த பெட்டைகளை மட்டும் பார்க்காமல், குஞ்சுகளின் தந்தைச் சேவலையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தச் சேவல் உரிமையாளரை நோக்கிப் பாய்ந்தாலோ, அவர் கையில் கோலோடு உள்ளே போனாலோ, இனத்தின் பெயர் எதுவாயினும் அங்கே வாங்க வேண்டியதில்லை. முதுகிலும் வாலடியிலும் இறகு பிடுங்கப்பட்ட பெட்டைகள் பல இருந்தால், நெருக்கடியோ கொத்தும் பழக்கமோ அந்தக் கூட்டத்தில் ஊறியிருக்கிறது. கண் தெளிந்திருக்கிறதா, மூக்கில் நீர் வழிகிறதா, பின்புறம் சுத்தமாக இருக்கிறதா, கால் செதில்கள் வழவழப்பாகப் படிந்திருக்கின்றனவா என்பதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சிறு வயதில் ஆண் பெண் பிரித்தறிய முடியாத சில்கி, குறுங்கோழி வகைகளில் பாதி சேவலாக வளர வாய்ப்புண்டு என்பதால், சேவலைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை வாங்குவது என்று தயங்கினால், கோழியானால் நான்கு, வாத்தானால் மூன்று பெட்டைகள் தொடக்கத்துக்குப் போதும். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் அவற்றைத் தொடாமல், கூண்டருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் வேலையைப் பாருங்கள். மூன்றாம் நாள் உள்ளங்கையில் தானியத்தை வைத்து நீட்டலாம்.